கடல் கடக்குமுன் விசாவை வாசியுங்கள்

2022ஆம் ஆண்டு மே திங்கள் 15ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. உரோமை நகரில் புனித பேதுரு சதுக்கம் மக்கள் வெள்ளத்தால் நிறைந்திருந்தது. நட்டாலத்தில் பிறந்து, வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் உயிர் ஈந்து, கோட்டாற்றுச் சவேரியார் பேராலயத்தில் துயில்கொள்ளும் நம் தேவசகாயத்தை, திருத்தந்தை பிரான்சிஸ் அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அக்காட்சியைக் கண்ணாரக் காணும் பேறு பெற்று நம் மாவட்டத்திலிருந்து சென்றோர் உண்டு. வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கண்டோர் அவர்களினும் மிகப் பலர். அவ்வாறு கண்டவர்களுள் எத்தனை பேர், "ஒரு முறையேனும் உரோமைக்குச் செல்லவேண்டும்" என்று அன்றே மனத்தில் எழுதிக்கொண்டார்களோ!

அவ்விருப்பம் நிறைவேறும் வழியில் முதலில் நிற்பது விமானமன்று, விசா. சற்றே வியப்பான செய்தியும் ஒன்று உண்டு. 1929ஆம் ஆண்டு முதல் தனி நாடாக விளங்கும் வத்திக்கானுக்குச் செல்ல, வத்திக்கானிடம் நாம் விசா பெறுவதில்லை. இத்தாலி நாட்டின் மண்ணை மிதித்தே அங்கே செல்லவேண்டியிருப்பதால், இத்தாலி வழங்கும் விசாவே வேண்டும். ஆயரின் பரிந்துரைக் கடிதமோ, பங்குத்தந்தையின் சான்றிதழோ பயணத்தின் நோக்கத்தை விளக்க உதவுமேயன்றி, விசாவிற்கு ஈடாகா. இதனை நம்மவருள் பலர் அறியாதிருப்பது கண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பாஸ்போர்ட் என்பது, "இவர் எம் குடிமகன்" என்று நம் அரசு கூறும் சான்று. விசா என்பது, "இவர் எம் வாயிலுக்கு வரலாம்" என்று அயல்நாட்டரசு கூறும் இசைவு. வாயிலுக்கு வரலாம் என்றுதான் சொல்கிறதே தவிர, வீட்டுக்குள் புகுந்துவிட்டதாகச் சொல்லவில்லை. விமானம் இறங்கியதும், அங்கே அமர்ந்திருக்கும் குடிவரவு அதிகாரி நம்மை வினவி மனநிறைவு அடைந்த பின்னரே உள்ளே விடுவார். விசா கையிலிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு என்பதற்குக் காரணம் இதுவே.

நம் பாட்டனார் காலத்தில் இத்தனைத் தொல்லை இருந்ததில்லை. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிவரை இரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்று இலங்கை சேர்ந்த தென்னாட்டவர் எண்ணிலர். மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை இருந்தது. ஆனால் இன்று நாம் அறியும் விசா இருக்கவில்லை. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டில் இயற்றிய குடிவரவுச் சட்டத்திற்குப் பின்னரே, ஒரே கடலின் இருகரைகளிலும் வாழ்ந்த உறவினர் ஒருவரையொருவர் காணத் தாள் கேட்கும் நிலை வந்தது.

அப்பழைய காலத்தின் எச்சம் ஒன்று கச்சத்தீவில் எஞ்சியிருக்கிறது. 1974ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலக் கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்றும், அதற்காகப் பயண ஆவணமோ விசாவோ பெறவேண்டியதில்லை என்றும் கூறுகின்றது. அங்குள்ள புனித அந்தோணியார் ஆலயத் திருவிழாவிற்குத் தமிழகத்திலிருந்து செல்வோர், முன்கூட்டியே பெயர் பதிந்து, அரசின் மேற்பார்வையில் இராமேசுவரத்திலிருந்து படகில் செல்கின்றனர். ஆனால் அதே அந்தோணியாரை நாடி அங்கிருந்து யாழ்ப்பாணத்திற்கோ, மடுமாதா திருத்தலத்திற்கோ போய்விட இயலாது. மடுவுக்குச் செல்வோர், இலங்கை அரசின் பயண இசைவை மின்வழியில் பெற்று முறைப்படியே செல்லவேண்டும்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

விசாவிற்கான ஆயத்தம் பாஸ்போர்ட்டிலிருந்தே தொடங்குகின்றது. நம் மாவட்டத்துப் பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் முன்னாளில் திருச்சி அலுவலகத்துக்குச் சென்றன. 2007ஆம் ஆண்டில் மதுரையில் அலுவலகம் திறக்கப்பட்டது முதல் நெடும்பயணம் குறைந்தது. ஆயினும் நம் பெயர்ச் சிக்கல் குறைந்தபாடில்லை.

திருமுழுக்குப் பதிவேட்டில் 'சூசை' என்றிருப்பவர் பள்ளிச் சான்றிதழில் 'ஜோசப்' ஆகிவிடுகிறார். 'சவரிமுத்து' வாக்காளர் பட்டியலில் 'சேவியர்' ஆகிறார். அந்தச் சேவியரை ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்குவதா, எஸ் எழுத்தில் தொடங்குவதா என்பது அன்று எழுதிய ஆசிரியரின் விருப்பம். ஊரில் இவையெல்லாம் ஒருவரே என்பது அனைவர்க்கும் தெரியும். தூதரகத்திற்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்தும், வங்கிக் கணக்கில் வேறோர் எழுத்தும், திருமணச் சான்றிதழில் மூன்றாவதோர் எழுத்தும் இருந்தால், மூவர் விண்ணப்பித்ததாகவே அவர்கள் கொள்ளக்கூடும்.

குடும்பப் பெயர் என்னும் வழக்கம் நம்மிடம் இல்லாததும் ஓர் இடர். தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி முன்னே வைப்பது நம் மரபு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'இட்ட பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரு கட்டங்கள் உள்ளன. பலர் இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் பெற்றுவிடுகின்றனர். 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ வருவோரை ஏற்பதில்லை என அறிவித்தபோது, தமிழகத்திலும் கேரளத்திலும் எழுந்த கலக்கம் பெரிது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதினாலும் வேடிக்கை தீர்வதில்லை: அயல்நாட்டு விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் நம் தந்தையார் பெயரைச் சொல்லி நம்மை அழைப்பார்கள், கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறு, பிள்ளைகளுக்கு மூன்றாவது. ஆதலின் கணவன் மனைவியாகச் செல்வோர் திருமணச் சான்றிதழையும், பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் பிறப்புச் சான்றிதழையும் உடன் வைத்திருத்தல் நன்று. எழுத்துப் பிழை இருப்பின், விசாவுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் அன்று, பயணம் பற்றிய பேச்சு எழும் நாளிலேயே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டின் காலம் முடிய ஒரு மாதம் இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. பல நாடுகள் நாம் சென்றிறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமேனும் அது செல்லுபடியாகவேண்டும் என்கின்றன. ஐரோப்பிய நாடுகளோ, நாம் அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின் மூன்று மாதம் இருக்கவேண்டும் என்றும், பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்றும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்கவேண்டும் என்றும் வரையறுத்துள்ளன. அலமாரியில் மழைக்கால ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட ஏடும், பேரக்குழந்தை கிறுக்கிய ஏடும் விமான நிலையத்தில் மறுக்கப்படலாம்.

உரோமைக்கு வாங்கிய விசாவில் லூர்து

1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்பாடு, இன்று 29 நாடுகளை ஒரே வாயிலுக்குள் அடக்கிவிட்டது. இத்தாலி, பிரான்சு, போர்ச்சுகல் மூன்றும் அதனுள் இருப்பதால், உரோமை, லூர்து, பாத்திமா மூன்றையும் ஒரே விசாவில் தரிசித்துவிடலாம். ஆனால் விண்ணப்பத்தை எந்த நாட்டிடம் தருவது? மிகுதியான நாட்கள் தங்கும் நாட்டிடம். நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டிடம். லூர்தில் ஆறு நாளும் உரோமையில் மூன்று நாளும் தங்கத் திட்டமிட்டவர், இத்தாலி விசா எளிதாகக் கிடைக்கிறதாம் என்று யாரோ சொல்லக்கேட்டு அங்கே விண்ணப்பிப்பது தவறு.

விண்ணப்பத்தைப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்னதாகவே தரலாம். பதினைந்து நாட்களுக்குப் பிந்தக்கூடாது. ஆனால் கோடை விடுமுறைக்கு முன் நேர்முக நாள் கிடைப்பதே அரிது என்பதால், பதினைந்து நாளை நம்பி இருப்பவர் ஏமாறுவார். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோவாக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விரல் ரேகை தர நேரில் செல்லவேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது விலக்கு.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, படத்தைப் பார்த்துச் சிரிப்பது. செய்யவேண்டியது, அதிலுள்ள எண்களை வாசிப்பது. 'இந்நாள் முதல் இந்நாள் வரை' என்று இரண்டு தேதிகள் இருக்கும். அதன் கீழே 'தங்கும் நாட்கள்' என்று வேறோர் எண் இருக்கும். தேதிகளுக்கிடையே இருபத்தைந்து நாள் இருந்தாலும், தங்கும் நாட்கள் பத்து என்றிருந்தால் பத்தே நாள்தான். முதல் நாளும் கடைசி நாளும் கணக்கில் சேரும். எத்தனை முறை நுழையலாம் என்னும் எண்ணையும் பாருங்கள். ஒரு முறை என்றிருக்க, உரோமையிலிருந்து இலண்டனிலுள்ள மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டு மீண்டும் உரோமை வழியே திரும்ப எண்ணினால், வாயில் அடைத்திருக்கும். ஏனெனில் இங்கிலாந்து அந்த வட்டத்துக்குள் இல்லை. அதற்கு விசாவும் வேறு. எத்தனை முறை நுழைய இசைவு இருப்பினும், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் தங்கியது 90 நாளுக்கு மேற்படக்கூடாது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் வருகையும் புறப்பாடும் முகப்படம், விரல் ரேகையோடு கணினியில் பதியப்பெறும் முறை தொடங்கியதால், ஒரு நாள் மிகுந்தாலும் அது தானே காட்டிக்கொடுக்கும்.

புனித நாட்டுப் பயணம் இதனினும் நுட்பமானது. ஜோர்டான், இஸ்ரயேல், எகிப்து என மூன்று நாடுகளைச் சேர்த்தே நம்மவர் பெரும்பாலும் செல்கின்றனர். 2011ஆம் ஆண்டு தமிழக அரசு எருசலேம் பயணத்திற்கு மானியம் வழங்கும் திட்டத்தை அறிவித்தபின், எளிய குடும்பத்தினரும் அதனைக் கனவு காணத் துணிந்தனர். ஜோர்டானில் இறங்கி, இஸ்ரயேல் சென்று, மீண்டும் ஜோர்டான் வழியே வீடு திரும்புவதானால், ஜோர்டானுக்குள் இரு முறை நுழைகிறோம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். குழு விசாவில் செல்பவர் குழுவோடு நுழைந்து குழுவோடு வெளியேறவேண்டும். அம்மானில் இருக்கும் மகனோடு இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று தனியே பிரிந்தால், குழு முழுவதும் எல்லையில் நிற்க நேரிடும். அந்நிலத்தில் போர் மூளும்போது வாயில்கள் ஒரே நாளில் மூடப்படுவதை 2023 அக்டோபரில் கண்டோம். பயணம் நின்றுபோனால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதை, முன்பணம் கட்டும்போதே எழுத்தில் பெறுவது அறிவுடைமை.

மகளின் பேறுகாலமும் வங்கிக் கணக்கும்

திருப்பயணத்தைவிட நம் இல்லங்களில் மிகுதியாக நிகழ்வது வேறொரு பயணம். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வாழும் மகள் கருவுற்றாள், தாய் செல்லவேண்டும். "ஆறு மாதம் இருந்துவிட்டுப் போங்கள், அம்மா" என்கிறாள் மகள். வாழ்நாளில் திருவனந்தபுரத்தைத் தாண்டாத அத்தாய், சென்னை அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் கண்ணாடிச் சாளரத்தின் முன் நிற்கிறார்.

அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) என்னும் பிரிவு, சுற்றுலா விசா கேட்கும் எவரையும் அங்கேயே தங்கிவிட எண்ணுபவராகவே முதலில் கொள்கிறது. அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது. இங்கே நமக்கு என்ன இருக்கிறது, எதற்காகத் திரும்பி வருவோம் என்பதே அவர் கேட்கும் ஒவ்வொரு வினாவின் உட்பொருள். ஊரில் வீடு, கணவரின் ஓய்வூதியம், கல்லூரியில் பயிலும் இளைய மகன், தென்னந்தோப்பு ஆகியவை எல்லாம் விடைகளே. மனப்பாடம் செய்த விடை மட்டும் விடையன்று. முகவர் சொல்லிக்கொடுத்த பொய் ஒன்று வெளிப்பட்டால், அந்த ஒரு விசா மட்டுமன்று, வருங்கால விசாக்களும் போகும். பேறுகாலத்துக்குத் துணையாகச் செல்கிறேன் என்பதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை.

பணச் சான்று காட்டுவதில் நம் மாவட்டத்திற்கு ஒரு தனி இடர் உண்டு. நம் செல்வம் வங்கியில் கிடப்பதில்லை. நகையிலும், சீட்டுப் பணத்திலும், இரப்பர்த் தோட்டத்திலும், கடலோரத்தில் படகிலும் வலையிலும் கிடக்கின்றது. ஆகவே விண்ணப்பிக்கும் மாதத்தில் உறவினரிடம் இரண்டு இலட்சம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, விசா வந்ததும் எடுத்துக் கொடுத்துவிடும் பழக்கம் பரவியுள்ளது. விசா அதிகாரி பார்ப்பது கடைசி இருப்புத் தொகையை மட்டுமன்று. மூன்று மாதம், ஆறு மாதக் கணக்கைப் பார்க்கிறார். எங்கிருந்தோ வந்து விழுந்த தொகையே முதலில் அவர் கண்ணை உறுத்துகிறது. மகனோ மகளோ செலவை ஏற்பதானால், அவர்தம் அழைப்புக் கடிதமும் சம்பளச் சான்றும் வைப்பதே நேர்வழி.

அமெரிக்க விசா பத்தாண்டுக்குக் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் இனிப்பு வழங்குவோர் ஒன்றை உணரவேண்டும். பத்தாண்டு என்பது, அக்காலத்திற்குள் வாயிலுக்கு வரலாம் என்பதே. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலைய அதிகாரியே முடிவுசெய்து பதிகிறார். பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதியை மகளிடம் சொல்லிக் கணினியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா விசாவில் வேலைக்கு

இனிச் சொல்லப்போவது வலியோடு சொல்வது. வளைகுடாவிற்கு நம் கடலோர ஊர்களிலிருந்தும் மேற்கு வட்டங்களிலிருந்தும் செல்லும் இளைஞருள் பலர், 'விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்னும் சொல்லை நம்பிப் புறப்படுகின்றனர். நகை அடகுக் கடைக்குப் போகிறது. முகவர் கைக்கு இலட்சங்கள் போகின்றன. சுற்றுலா விசாவில் வேலை செய்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். சம்பளம் தரவில்லை என்று முறையிட்டால், முறையிட்டவரே முதலில் குற்றவாளியாகிறார். காலம் கடந்து தங்கினால் அபராதம் நாள்தோறும் ஏறும். 2022இல் அமீரகம் அதனை நாளொன்றுக்கு 50 திர்ஹம் என வகுத்தது. மூன்று மாதத்தில் அது என்னவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்னும் குறிப்பு இருக்கும். அத்தகையோர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன், குடிபெயர்வோர் காப்பாளரின் ஒப்புதல் பெறவேண்டும். அது அரசு வைத்த தடை என்று நம்மவர் கருதி, அதனைத் தவிர்க்கவே சுற்றுலா விசாவை நாடுகின்றனர். உண்மையில் அந்த ஒப்புதலோடுதான் வேலை ஒப்பந்தம் பதிவாகிறது. பத்து இலட்ச ரூபாய்க் காப்பீடும் அதனோடுதான் சேர்கிறது. கடலில் மாண்டவரின் மனைவி பின்னாளில் அலுவலகம் அலுவலகமாக ஏறும்போது, இத்தாள் இருந்ததா இல்லையா என்பதே அவருடைய எஞ்சிய வாழ்வை முடிவுசெய்யும். செவிலியருக்கு 2015 முதல் கல்வித்தகுதி எதுவாயினும் இந்நாடுகளுக்கு ஒப்புதல் கட்டாயமாக்கப்பட்டது. 1978இல் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அத்தகைய பணிகளுக்கு ஆள் தெரிவு செய்கின்றது. முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் எவரும் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டதும் முகம் மாறும் முகவரிடம் மேலும் பேசவேண்டியதில்லை.

2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஈரானில் சிக்குண்ட மீனவர் முதலானோர் 600க்கும் மேற்பட்டோரை, 'ஜலாஷ்வா' என்னும் நம் கடற்படைக் கப்பல் ஜூலை முதல் நாளில் தூத்துக்குடியில் கொண்டுவந்து சேர்த்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய வேளைகளில் குடும்பத்தாரிடம் முதலில் கேட்கப்படுவது பாஸ்போர்ட் எண்ணும் விசாவின் வகையும். பல வீடுகளில் அவ்வெண் எவருக்கும் தெரியாது.

அண்மைக்காலத்தில் வேறொரு வலை விரிக்கப்பட்டுள்ளது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி, சுற்றுலாப் பயணியாக அங்கே இறக்கி, எல்லை கடத்தி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுசென்று, இணைய மோசடி செய்யுமாறு அடைத்துவைத்த கொடுமையில் தமிழ் இளைஞரும் சிக்கினர். 2022இல் ஒரு பகுதியினர் மீட்கப்பட்டனர். இவர்களுள் படித்தவர்களே மிகுதி. வேலை தருபவன் வேலை விசாவைத் தரட்டும். சுற்றுலா விசாவில் வா என்று அழைத்தால், பெற்றோரே, மகனை விடாதீர்கள்.

பெட்டி கட்டும்போது சமையலறை மணமும் உடன் செல்லும். வளைகுடாவிற்குக் கட்டும் மசாலாப் பொதியில் கசகசா வேண்டாம். அது அங்கே போதைப்பொருள். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு விமானங்களை வெவ்வேறு சீட்டாக வாங்கியவர், இடைவழி நாட்டில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கவேண்டிவரின், அந்நாட்டு விசாவும் வேண்டியிருக்கும். அமெரிக்கா வழியாக வேறு நாடு செல்வோருக்கோ வெறும் இடைத்தங்கலுக்கே விசா வேண்டும். விசா வருமுன் திரும்பப் பெறமுடியாத விமானச் சீட்டை வாங்காதீர்கள். எந்த நாட்டுக்கு விசா வேண்டா, எங்கே இறங்கியதும் தருவர் என்னும் பட்டியல்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. சென்ற ஆண்டு சென்றுவந்த உறவினர் சொல்லைவிடத் தூதரகத்தின் சொந்த அறிவிப்பே மெய். தூதரகத் தளம்போலவே தோற்றமளித்து மிகைப் பணம் பறிக்கும் போலித் தளங்களும் உள.

மறுப்புக் கடிதம் வந்தால் அதனைக் கிழித்தெறியாதீர்கள். ஐரோப்பிய நாடுகள் எக்காரணத்தால் மறுத்தன என்பதை அச்சிட்ட படிவத்தில் குறித்தே தருகின்றன. மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. அடுத்த விண்ணப்பத்தில், முன்னர் மறுக்கப்பட்டதுண்டா என்னும் வினாவுக்கு உண்டு என்றே எழுதி, அன்று குறையாயிருந்த தாளை இம்முறை சேர்த்தனுப்புங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பின்பக்கம், விசாப் பக்கம் மூன்றின் படியையும் இரண்டாக எடுத்து, ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். மற்றொன்றைப் பயணச் சீட்டின் படியோடும், செல்லும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணோடும் சேர்த்து வீட்டில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.